அக்காவின் சேமலாப நிதியும் நாட்டின் மீட்சியும்

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வந்த மச்சான், இரண்டு கிழமை சுற்றிப் பார்த்துவிட்டு, "நாடு இப்ப நல்லா வந்திட்டுது" என்றார். பெற்றோல் ஷெட்டில் வரிசை இல்லை. கரண்ட் நிற்பதில்லை. கடையில் பால்மா அடுக்கிக் கிடக்கிறது. அவர் சொன்னது பொய் இல்லை. 2022 நெருக்கடியில் பங்கீட்டுக் கியூஆர் காட்டி, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் அடித்த எனக்கு அது தெரியாதா? தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா மட்டும், "ஓம், வந்தவைக்கு வந்திட்டுது" என்றுவிட்டு உள்ளே போய்விட்டா.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீர்திருத்தம் என்றாலே கொடி பிடிக்கிற ஆள் இல்லை நான். ஒரு கடைக்குக் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குபவன். வரவைக் குறைத்துச் செலவைக் கூட்டினால் என்ன நடக்கும் என்று விளங்க ஐ.எம்.எஃப் எனும் சர்வதேச நாணய நிதியம் வரத் தேவையில்லை. 2019 கடைசியில் இலங்கையில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 வீதத்தில் இருந்து ஒரே அடியாக 8 ஆக்கினார்கள். விழுந்த ஓட்டையைக் காசு அச்சடித்து அடைத்தார்கள். 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தையும் நிறுத்தினார்கள். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தார்கள். அதன் பிறகு நிதியத்திடம் போனது பதினேழாவது தடவை! பதினாறு தரம் மருந்து குடித்தும் பத்தியம் காக்காத நோயாளி நாங்கள்.

இந்த முறை செய்த சிலது உண்மையிலேயே நல்லது. செலவுக்கு ஏற்ற மின் கட்டணம் வேண்டும் என்பதோடு எனக்குச் சண்டை இல்லை; 2022 ஓகஸ்டில் சராசரி 75, 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று ஏற்றிய விதந்தான் கொடுமை. இதையெல்லாம் விடப் பெரியது 2023இன் மத்திய வங்கிச் சட்டம். அரசாங்கம் நினைத்தபடி நோட்டடித்துச் சம்பளம் கொடுக்கிற கதவை அது பூட்டியது. இனி வருகிறவர்கள் பூட்டை உடைக்காமல் இருந்தால் சரி. அரச கம்பனிகளை விற்பதா வேண்டாமா என்பது தனிக் கதை, இன்னொரு நாள் பார்ப்போம்.

எனக்குள்ள கேள்வி, இந்த மீட்சிக்கு யார் காசு கட்டியது என்பதுதான்.

அக்கா கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் 24 வருடம் வேலை செய்தா. ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு மாதம் மாதம் சம்பளத்தில் 8 வீதம் அவவுடையது, முதலாளியின் பங்கு 12. அரச உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம் இருக்கிறது. எங்களுக்குப் பெரிய நம்பிக்கை இந்தச் சேமலாப நிதிதான். அந்தக் காசில் ஊர் வீட்டுக் கூரையை மாற்றுவது அவவின் திட்டம். 2021இல் ஓடாவியார் போட்ட கணக்கு 6 இலட்சம். 2023இல் 50 வயதாகிக் காசை எடுத்தபோது அதே மனிதர் அதே கூரைக்குச் சொன்னது 14 இலட்சம். 2022க்கு நிதி கொடுத்த வட்டி 9 வீதம். அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70. யாரும் களவெடுக்கவில்லை, ஆனால் காசு போய்விட்டது.

இன்னும் வேலையில் இருக்கும் என் போன்றவர்களுக்கு அடுத்த அடி, 2023இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. சேமலாப நிதியின் கையில் இருந்த, அரசாங்கத்தின் கடன் பத்திரங்களான திறைசேரிப் பிணைமுறிகளைக் கொடுத்துவிட்டு நீண்ட காலப் புதியவற்றை எடுக்க வேண்டும். வட்டி 2025 வரை 12, பிறகு 9. மறுத்தால் பிணைமுறி வருமானத்துக்கான 14 வீத வரி 30 ஆகும். அதற்குப் பெயர் 'விருப்பத் தெரிவு'! வங்கிகளிடம் இருந்த திறைசேரிப் பிணைமுறிகளில் கை வைக்கவில்லை. வங்கி விழுந்தால் எல்லாம் விழும் என்றார்கள். அந்த நியாயம் எனக்கும் விளங்குகிறது. 2024 டிசம்பரில் வெளிநாட்டுப் பிணைமுறிக்காரருடன் முடித்த பேரத்தையும் பாருங்கள். அவர்களும் முதலில் கொடுத்த கடனில் வெட்டு வாங்கியவர்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பொருளாதாரம் எதிர்பார்த்ததை விட நன்றாக வளர்ந்தால் அவர்களுக்குக் கிடைப்பதும் கூடும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். நாடு வளர்ந்தால் சேமலாப நிதிக்கும் ஒரு பங்கு என்று எழுத ஒரு பேனை கிடைக்கவில்லையா?

வரியும் அப்படித்தான். 2024 ஜனவரியில் வற் 18 ஆனது, அதுவரை விலக்கு இருந்த சமையல் காஸும் அதற்குள் வந்தது. பணக்காரர் வாழும் கொழும்பு ஏழில் வாங்கும் சிலிண்டருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வாங்கும் சிலிண்டருக்கும் ஒரே வீதம். நிதியத்தின் திட்டத்திலேயே இருந்த சொத்து வரியோ 2025இல் வரும் என்றார்கள், தள்ளிப்போனது. காஸுக்கு மட்டும் தவணை இல்லை. 2024இல் நாடு 5 வீதம் வளர்ந்தது உண்மை. அதே வருடம் நாலில் ஒருவர் வறுமையில் இருந்தார் என்று உலக வங்கி சொன்னதும் உண்மை.

விலை இறங்கிவிட்டதே என்று கேட்பவர்களுக்கு: இறங்கியது ஏறும் வேகம். 2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போனபோதும் ஓடாவியார் 6 இலட்சத்துக்குத் திரும்பி வரவில்லை.

2028இலிருந்து வெளிநாட்டுக் கடன் தவணைகள் கூடும். அதற்குள் சொத்துள்ளவரிடம் வரி வாங்கப் பழகாவிட்டால், அடுத்த முறையும் சம்பளச் சிட்டையில்தான் கை வைப்பார்கள். அங்கேதான் காசு ஓடி ஒளியாமல் இருக்கிறது.

அக்கா முன் பக்கத்துக்கு மட்டும் கூரைச் சீற் போட்டுவிட்டா. குசினிக்கு இன்னும் பழைய ஓடுதான், மழைக்கு இரண்டு இடத்தில் வாளி வைக்க வேண்டும். மாதம் 5,000 படி ஏலச் சீட்டு ஒன்றில் சேர்ந்திருக்கிறா. கடைசி ஆளாகக் கழித்தால் கழிவு போகாது என்று கணக்குப் பார்த்துக் காத்திருக்கிறா.