பூங்காவுக்குக் காணி வாங்கட்டும், பறிக்க வேண்டாம்

பொதுப்பணத்தில் காணி எடுத்துப் பூங்காவும் நடைபாதையும் போடலாம் என்று யாராவது வாய் திறந்தாலே எங்கள் யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு முகம் கறுத்துவிடும். அதில் நியாயமும் இருக்கிறது. 2013இல் வலிகாமம் வடக்கில் இராணுவத்துக்காக 6,381 ஏக்கரை அரசு சுவீகரிக்கப் போகிறது, அதாவது கட்டாயமாக எடுக்கப் போகிறது என்ற அறிவித்தலை மரங்களில் ஒட்டிவிட்டுப் போனார்கள். சொந்தக்காரர் பலர் அப்போது இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இருந்தார்கள். 2025 மார்ச்சில் வட மாகாணக் காணிகள் பற்றி வந்த வர்த்தமானி (அரசிதழ்), மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் காணி அரசுடையது என்றது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அது நின்றது. இதையெல்லாம் பார்த்த ஊரில் அரசு பூங்காவுக்குக் காணி எடுக்கப் போகிறது என்றால் யார் நம்புவார்கள்?

ஆனாலும் நான் இதை ஆதரிக்கிறேன். பின்னேரம், யாழ் நகரிலிருந்து தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் கடல், நல்ல காற்று. ஆனால் நடக்கிறவர் வெள்ளைக்கோட்டு ஓரத்தில் ஒரு காலும் புழுதியில் ஒரு காலுமாகத்தான் போக வேண்டும். தீவுப்பகுதி பஸ் ஹோர்ன் அடித்தால் பிள்ளையை இழுத்துக்கொண்டு கல்லுப் பக்கம் ஒதுங்க வேண்டும். இதுதான் எங்கள் உடற்பயிற்சி. நகரத்துக்குள் பெரிய மர நிழல் என்றால் பழைய பூங்கா. அதுவும் 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பிரித்தானிய அரசாங்க அதிபராக (மாவட்ட நிர்வாகத் தலைவராக) இருந்த டைக் துரை காலத்தது. அதற்குப் பிறகு சனம் நடக்கவென்று காசு கொடுத்து எத்தனை பரப்பு வாங்கியிருக்கிறோம்?

அமெரிக்காவின் போர்ட்லண்ட் பகுதியில் 1995இல் சனமே வாக்களித்து, இயற்கை நிலம் வாங்க 135.6 மில்லியன் டொலர் கடன்பத்திரத்துக்குச் சம்மதித்தது. அடைப்பது அவர்களுடைய சொத்து வரியில்தான். 2006இல் இன்னொரு 227.4 மில்லியன். விற்க விரும்புகிறவரிடம் மட்டும், சந்தை விலைக்கு வாங்குவது அவர்களின் நடைமுறை. எங்களுக்கு அந்தத் தொகை எட்டாது, நடைமுறை எட்டும்.

நான் தொடங்கச் சொல்லும் இடம் வழுக்கையாறு. மாரியில் மட்டும் ஓடும் ஆறு. கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று வந்து அராலியில் கடலேரியில் விழுகிறது. அதன் கரையில் ஒரு நடைபாதை போட முழு நிலத்தையும் வாங்கத் தேவையில்லை. ஆற்றுக்கென ஒதுக்கிய நிலம் இருக்கிறது, அதை முதலில் அளந்து கல் நடட்டும். இடையில் வரும் தனியார் துண்டுகளுக்கு மட்டும் காசு போதும். கரை திறந்திருந்தால் மழைத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும். சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் நிற்கிற தண்ணீரைத்தானே எல்லோரும் கிணற்றில் அள்ளுகிறோம்.

வாங்குவது லேசில்லை என்பதும் தெரியும். நாலு பங்காளிகளில் ஒருவர் ரொறொன்ரோவில், ஒருவர் பாரிஸில், காணியில் பற்றையும் வடலியும், வேலியில் பிரதேச சபை ஒட்டிய டெங்கு அறிவித்தல். பங்குக்காணியை வெளியாருக்கு விற்பதென்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். ஆறு மாதத்தில் முடியாது, ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சபை பொறுமையாக வாங்கட்டும். ஒருவர் விற்க மாட்டேன் என்றால் பாதை வளைந்து போகட்டும், ஒன்றும் குறையாது.

'முதலில் இராணுவம் பிடித்து வைத்திருக்கிற காணியை விடட்டும்' என்று சிலர் சொல்வார்கள். விடத்தான் வேண்டும். அது வேறு கணக்கு, இதை அதற்கு ஈடாக யாரும் காட்டவும் கூடாது. பழைய இராணுவ முகாம் நிலத்தைப் 'பூங்கா' ஆக்குகிறோம் என்று வந்தால் நானே எதிர்த்து எழுதுவேன். அது சொந்தக்காரரிடம் போக வேண்டிய காணி.

சரி, காசு எங்கே? காணி கைமாறும்போது கட்டுகிற முத்திரைத் தீர்வை மாகாணம் வழியாக உள்ளூராட்சி சபைகளுக்கு வருகிறது. காணி விற்பனையால் வரும் அந்தத் தீர்வையில் ஒரு பங்கைக் காணி வாங்கவே ஒதுக்கலாம். மாகாண சபைக்கு 2018 ஒக்டோபரிலிருந்து தெரிவான உறுப்பினரே இல்லை, ஆகவே அங்கே போய் நிற்பதில் பலனில்லை. ஆனால் 2025 மே மாதம் நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த பிரதேச சபைகள் இருக்கின்றன. அடுத்த பாதீட்டில் திறந்தவெளிக் காணி வாங்கவென்று தனி ஒதுக்கீடு போடுவீர்களா, வாங்குகிற விலையைப் பகிரங்கப்படுத்துவீர்களா என்று உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள்.