கட்டட வேலை படிப்பவர்களுக்கும் உதவித்தொகை உண்டு

"உதவித்தொகை எல்லாம் பட்டப்படிப்புக்குத்தான், கொத்து வேலையோ தச்சு வேலையோ படித்தால் ஒன்றும் கிடைக்காது" என்று இங்கே எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அமெரிக்காவில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் மைக் ரோ 2008-இல் தொடங்கிய அறக்கட்டளை தச்சு, பிளம்பிங், வெல்டிங் போன்ற கைத்தொழில் பயிற்சிக்குத்தான் பணம் தருகிறது; நான்காண்டுப் பட்டப்படிப்புக்குத் தருவதில்லை.

விண்ணப்பிக்கும்போது, பணம் கட்டணத்துக்கு மட்டுமா, கருவிகளுக்கும் சேர்த்தா என்று கட்டாயம் பாருங்கள். கொத்துக்கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு, இரும்பு முனை வைத்த பூட்ஸ் என்று ஒவ்வொன்றாக வாங்கும்போதுதான் பல பிள்ளைகளுக்குக் கையைக் கடிக்கிறது. பாதியில் நிற்பதும் அங்கேதான்.

அப்புறம், அப்ரண்டிஸ்களுக்குப் பயிற்சிக் காலத்தில் கொடுப்பதை உதவித்தொகைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அமெரிக்காவில் அது அவர்கள் செய்த வேலைக்கு வாங்கும் கூலி. தயவுசெய்து உங்கள் பதிவைத் திருத்திவிடுங்கள்.