ரெண்டாவது மருமகள்

(சனிக்கிழமை ராத்திரி. ஹாஸ்டலுக்குப் போன பையன் விட்டுட்டுப் போன நின்டெண்டோ ஸ்விட்ச்ங்கற வீடியோ கேம் பெட்டி, டிவியில மாட்டியிருக்கு. ஒரு மாசமா யாருக்கும் தெரியாம பழகி வெச்சிருக்கார் சேகர். மல்லிகா அடுப்படி வேலையை முடிச்சு, முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டே வந்து உட்கார்றாங்க.)

சேகர்: இது மரியோ கார்ட் 8 டீலக்ஸ், வண்டிப் பந்தய கேம். 2017ல வந்தது. முதல் மரியோ கார்ட் 1992லயே ஜப்பான்ல வந்தாச்சு, தெரியுமா?

மல்லிகா: அந்த வருஷம் நான் ப்ளஸ் டூ. ஜப்பானா ஞாபகம் இருக்கும்? எதை அமுக்கணும், அதைச் சொல்லுங்க.

சேகர்: முதல்ல ஆளை எடு. நான் பௌசர். கனமான ஆளு, டாப் ஸ்பீடு ஜாஸ்தி.

மல்லிகா: கொம்பு, முதுகெல்லாம் முள்ளு. பொருத்தம்தான். நான் இந்தக் காளான் தலையனை எடுத்துக்கறேன்.

சேகர்: டோடா? ரொம்ப லேசான ஆளாச்சே!

மல்லிகா: லேசா இருந்தா விழுந்த வேகத்துல எந்திரிக்கலாம்.

சேகர்: சரி, உன் இஷ்டம். மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு எண்ணுவான். ரெண்டு வர்றப்ப ஆக்சிலரேட்டரை அமுக்கினா பாய்ஞ்சு கிளம்பும். மூணுலயே அமுக்கினா புகை விட்டுட்டு நின்னுடும்.

மல்லிகா: அவசரப்பட்டவனுக்குப் புகை. சரி.

(பந்தயம் தொடங்குது. பன்னிரண்டு வண்டி. மூ மூ மெடோஸ்ங்கற புல்வெளிப் பாதை.)

சேகர்: வளைவுல பாரு என்னை! இப்படிச் சறுக்கிக்கிட்டே திரும்பினா டயர்ல நீலப்பொறி பறக்கும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் ஊதா. விட்டதும் ஒரு உந்து உந்தும் பாரு...

மல்லிகா: ஏங்க, மாடு!

(டமார்.)

மல்லிகா: ஊதாப்பொறி வந்துச்சா?

சேகர்: ரோட்டுக்கு நடுவுல மாட்டை விட்டிருக்கான் மடையன்! பரவாயில்ல, பிடிச்சுடுவேன்... பிடிச்சுட்டேன். நான் முதல் இடம்! நீ?

மல்லிகா: உங்களுக்குப் பின்னாடிதான். ரெண்டாவது.

சேகர்: அட! அந்தக் கேள்விக்குறி பெட்டியை இடி, பொருள் கிடைக்கும்.

மல்லிகா: வாழைப்பழம் வந்திருக்கு. சாப்பிடணுமா?

சேகர்: பின்னாடி போட்டுட்டுப் போ. மிதிச்சவன் வழுக்கி விழுவான்.

மல்லிகா: போட மாட்டேன். பிடிச்சுக்கிட்டே ஓட்டறேன். யாராவது முதுகுல அடிச்சா அதுல பட்டுக்கட்டும்.

சேகர்: இது உனக்கு யாரு சொன்னா?

மல்லிகா: யாரு சொல்லணும்? உங்க வீட்டுல இருபது வருஷம் எதையாவது கையில வெச்சுக்கிட்டேதானே நடமாடினேன். முறமோ, துடைப்பமோ. சும்மா நின்னாத்தானே ஏவுவாங்க.

சேகர்: ...எனக்கு ஒரு காசு வந்திருக்கு. போன தடவையும் காசுதான். அதுக்கு முன்னாடி வாழைப்பழம்.

மல்லிகா: ஏன், வேற ஒண்ணும் தர மாட்டானா?

சேகர்: அதான் இதுல கணக்கு. முன்னாடி போறவனுக்குச் சில்லறைதான். பின்னாடி போகப் போக நல்ல பொருளா வரும். கடைசியில கிடக்கறவனுக்குப் புல்லட்டே கொடுப்பான், தானா ஓடி எல்லாரையும் இடிச்சுத் தள்ளிட்டு மேல வந்துடும்.

மல்லிகா: உங்க தம்பி கதை.

சேகர்: எது?

மல்லிகா: மூணு தடவை பெயிலானவருக்கு மாமா என்ன வாங்கிக் கொடுத்தார்? புல்லட். குடும்பத்தையே தூக்கி நிறுத்தின உங்க அண்ணனுக்கு? சில்லறையும் வாழைப்பழத் தோலும்.

சேகர்: பந்தயத்தைப் பாரும்மா. கடைசிச் சுத்து. நான்தான் ஜெயிக்கப்போறேன்... ஐயையோ, என்ன சத்தம் அது? ப்ளூ ஷெல்!

மல்லிகா: அப்படின்னா?

சேகர்: நீல ஓடு. பின்னாடி இருக்கறவன் எவனோ விட்டிருக்கான். ரோட்டோட வந்து முதல் ஆளைத் தேடி வெடிக்கும். 1996லேர்ந்து இதே அக்கிரமம். ஒரு ஹாரன் இருக்கு, அது கையில இருந்தா உடைக்கலாம். எங்கிட்ட காசுதான் இருக்கு!

மல்லிகா: வழியில நிக்கறவங்களை?

சேகர்: அவங்களையும் தூக்கி அடிச்சுட்டுத்தான் வரும்.

மல்லிகா: அப்ப நான் ஓரமா ஒதுங்கிக்கறேன். அத்தை கூடத்துக்கு வர்றப்ப ஒதுங்கற மாதிரி.

சேகர்: எங்கம்மாவை ப்ளூ ஷெல்லுங்கறியா?

மல்லிகா: நான் எங்க சொன்னேன்? காபியில சர்க்கரை கம்மின்னா யாருக்கு விழும்? அடுப்பு முன்னாடி நின்ன பெரியக்காவுக்கு. நான் ரெண்டடி தள்ளி டம்ளர் கழுவிக்கிட்டிருப்பேன். அந்தக் காபியைப் போட்டது நான்தான்.

சேகர்: அடிப்பாவி!

(டமார். பௌசர் அந்தரத்துல சுத்தி விழுது. மெதுவா, ரொம்ப மெதுவா எந்திரிக்குது. டோட் பக்கத்துல போய்க் கோட்டைத் தாண்டுது.)

மல்லிகா: இந்தக் கொண்டாட்டம் எனக்காங்க?

சேகர்: ...ஆமா.

மல்லிகா: நல்லாத்தான் இருக்கு. நீங்க எத்தனாவது?

சேகர்: நாலாவது. இன்னொரு ஆட்டம்!

(அடுத்த ஆட்டம். கடைசிச் சுத்து. ரெண்டு பேரும் முன்னணியில. கோடு கண்ணுக்குத் தெரியுது. திடீர்னு பௌசர் வேகத்தைக் குறைக்குது. உடனே டோடும்.)

மல்லிகா: ஏங்க, போங்களேன்.

சேகர்: இல்லம்மா, லேடீஸ் முதல்ல.

மல்லிகா: கல்யாணத்துலேர்ந்து இன்னிக்குத்தான் இந்த மரியாதை. நீங்க வீட்டுக்குப் பெரியவங்க, முன்னாடி போங்க.

சேகர்: எவன் கையில அந்த நீலம் இருக்கோ. நீ போ, நான் பின்னாடி காவலுக்கு வர்றேன்.

மல்லிகா: காவலுக்கா? உங்க வாலுல வாழைப்பழம் தொங்குது, எனக்குத் தெரியுது.

சேகர்: உன் வாலுல மட்டும் என்னவாம்?

(சர்ர்ர். மரியோ போகுது. லூயிஜி போகுது. ஒரு இளவரசி, ஒரு குரங்கு, ஒரு கைக்குழந்தை. கடைசியா ஒரு புல்லட்.)

சேகர்: இன்னும் எத்தனை பேரு பாக்கி?

மல்லிகா: பத்துப் பேரும் போயாச்சு. நாம ரெண்டு பேர்தான்.

சேகர்: அப்ப ப்ளூ ஷெல் விட ஆளே இல்ல. தைரியமாப் போ.

மல்லிகா: நீங்க போங்க.