தலை தீபாவளியும் தூக்கி இழுக்கற கதவும்

(மயிலாடுதுறை. ஐப்பசி மழை ராத்திரி பூரா விடல. தலை தீபாவளி, விடிகாலை அஞ்சு மணி. மாப்ளை குளிச்சு முடிச்சு பாத்ரூமுக்குள்ள துண்டோட நிக்கறார். மாமனார் வெளிய, மஞ்சள் வெச்ச புது வேட்டிய கையில வெச்சுக்கிட்டு நிக்கறார்.)

மாமா: மாப்ளே, கங்கா ஸ்நானம் ஆச்சா?

மாப்ளை: ஆயி இருபது நிமிஷம் ஆச்சு மாமா. தாழ்ப்பாள எடுத்துட்டேன், கதவுதான் வர மாட்டேங்குது.

மாமா: தூக்கி இழுக்கலையா?

மாப்ளை: எதை?

மாமா: கதவைத்தான். அடடா, உங்ககிட்ட யாரும் சொல்லலையா, எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்கறதால யாருக்கும் சொல்லணும்னே தோணல பாருங்க. ஒண்ணுமில்ல, கைப்பிடிய ரெண்டு கையாலயும் புடிச்சு மேல தூக்கி, ஒரு குலுக்கு குலுக்கி, அப்படியே உங்க பக்கம் இழுத்தா வந்துரும். உங்க வீட்டம்மா ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்பவே ஒத்தக் கையால திறப்பா.

மாப்ளை: ரெண்டு கையும் கைப்பிடிக்குப் போனா துண்டை யாரு மாமா புடிக்கறது?

மாமா: நான் வேணா திரும்பி நின்னுக்கறேன்.

மாப்ளை: நடுவுல கதவு இருக்கு மாமா. (முக்கி இழுக்கும் சத்தம்) ம்ஹூம். ஆமா, நிலையில தாழ்ப்பாள் ஓட்டை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மூணு இருக்கே, எதுக்கு?

மாமா: அதுவா, மேல இருக்கறது 1998ல வீடு கட்டுனப்ப போட்டது. ரெண்டாவது சுனாமி வந்த வருஷம். மூணாவது உங்க வீட்டம்மா காலேஜ் சேர்ந்தப்ப. கதவு இறங்க இறங்க நாங்களும் ஓட்டைய இறக்கிக்கிட்டே வந்தோம்.

மாப்ளை: கதவைத் தூக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலையா?

மாமா: தினமும் தூக்கிக்கிட்டுத்தானே இருக்கோம்!

மாப்ளை: (பெருமூச்சு) மாமா, மேல இருக்கற கீல் நிலைய விட்டு விலகி நிக்குது, சந்துல என் சுண்டுவிரல் போகுது. அது புடிப்பு விட்டதாலதான் கதவு கைப்பிடிப் பக்கம் சரிஞ்சு அடி மூலை தரையில உக்காந்திருக்கு. இதுல மழைக்கு மரம் வேற ஊதியிருக்கு.

மாமா: மழைக்கு எந்த மரம்தான் ஊதாது? நாலு வருஷம் முன்ன இதே மாதிரி கார்த்திகையில கார்ப்பென்டர கூப்பிட்டு நல்லா இழைப்புளி போட்டு இழைச்சாச்சு, பொங்கல் வரைக்கும் அருமையா இருந்துச்சு, சித்திரை வெயில்ல மரம் சுருங்குச்சு பாருங்க, உள்ள உக்காந்துக்கிட்டு ஹால்ல ஓடற கிரிக்கெட் ஸ்கோர பாக்கலாம்.

மாப்ளை: மழையில இழைக்கவே கூடாது மாமா. மாசி பங்குனி வரைக்கும் காய விட்டு, அப்பவும் உரசுனா ஓரத்துல சாக்பீஸ தடவி சாத்திப் பாத்து, எங்க சாக்பீஸ் அழியுதோ அங்க மட்டும் இழைக்கணும். மரம் அகலத்துலதான் ஊதும், நீளத்துல அவ்வளவா ஊதாது. அடிப்பக்கம் பெயிண்ட் அடிச்சிருக்கா?

மாமா: அடிப்பக்கத்த யாரு மாப்ளே குனிஞ்சு பாக்கப் போறா?

மாப்ளை: தண்ணி பாக்குமே. வெட்டுன முனை வழியாத்தான் மரம் ஜாஸ்தியா குடிக்கும்.

மாமா: உங்களுக்கு சாஃப்ட்வேர் வேலைன்னுல்ல சொன்னாங்க?

மாப்ளை: கல்யாணத்துக்கு முன்ன எட்டு வருஷம் வாடகை ரூம் மாமா. ஓனர் ஒண்ணும் சரி பண்ண மாட்டார், நாமளே கத்துக்க வேண்டியதுதான்.

மாமா: இருங்க, பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடறார்... (திரும்பி வந்து) மாப்ளைய எங்கன்னு கேட்டார். இன்னும் முழுகிக்கிட்டு இருக்கார், ரொம்ப ஆசாரமான பையன்னு சொல்லிட்டேன்.

மாப்ளை: இப்படியே போனா ஐப்பசி கடைசி நாள் காவிரியில கடைமுழுக்கும் முடிஞ்சு, அதுக்கு வர முடியாதவங்க கார்த்திகை ஒண்ணாந்தேதி முழுகற முடவன் முழுக்குக்குத்தான் நான் வெளிய வருவேன்.

மாமா: சேச்சே, நல்ல நாள் அதுவுமா. வெறும் வயித்துல நிக்காதீங்க, லேகியம் தரேன். கதவுக்கு மேல கைப்பிடி மூலையில ஒரு விரல் சந்து இருக்கும், ஸ்டூல் போட்டு ஸ்பூன நீட்டறேன், வாயத் திறங்க.

மாப்ளை: கதவத் திறக்கச் சொன்னா வாயத் திறக்கச் சொல்றீங்களே மாமா! அந்த ஸ்டூல்ல இருந்து இறங்கி, சமையல்கட்டுல தோசைத்திருப்பி எடுத்துட்டு வாங்க.

மாமா: இன்னிக்கு இட்லிதான் மாப்ளே.

மாப்ளை: சாப்பிட இல்ல! கதவுக்கு அடியில சொருகி நெம்புங்க, நான் இழுக்கறேன்.

(நெம்பல். முக்கல். கதவு ‘கிரீச்’ என்று திறக்கிறது. தோசைத்திருப்பி ‘ட’ மாதிரி வளைஞ்சிருக்கு. வேட்டி கட்டின கையோட மாப்ளை கீலைத்தான் பாக்கறார்.)

மாப்ளை: நாலு ஸ்குரூல மூணு சும்மா சுத்துது, நாலாவதைக் காணோம். இத கார்ப்பென்டர் திருப்புளியால போட்டாரா இல்ல சுத்தியலால அடிச்சாரா?

மாமா: அடிச்சார். டக்கு டக்குனு நாலே அடி, வேலை சுத்தம்.

மாப்ளை: ஸ்குரூவ அடிச்சா அது ஆணி மாமா, மரை மரத்த பிச்சுரும், புடிக்காது. ஒரு தீப்பெட்டி குடுங்க.

மாமா: கோவத்துல கொளுத்திடாதீங்க மாப்ளே, வேப்பமரம்!

மாப்ளை: குச்சிதான் வேணும். மருந்த உடைச்சுப் போட்டுட்டு, ஃபெவிகால்ல தோச்சு ஓட்டைக்கு மூணு நாலு குச்சி இறுக்கமா சொருகி, காஞ்சதும் நீட்டிட்டு நிக்கறத வெட்டி விட்டு, கொஞ்சம் நீளமான ஸ்குரூ போட்டா கப்புனு புடிக்கும். அதுவரைக்கும் கனம் கீல்ல தொங்காம அடியில பட்டாசு அட்டைய மடிச்சு வெச்சிருக்கேன், யாரும் தொடாதீங்க.

(மறுநாள் காலை. கதவு ஒரு விரலால தள்ளினா போகுது. தாழ்ப்பாள் நேரா 1998 ஓட்டைக்கே வந்து நிக்குது. மாமா பெருமையா குளிக்கப் போறார். கால் மணி நேரம் கழிச்சு உள்ளேருந்து தடதடன்னு சத்தம்.)

மாமா: மாப்ளே! தாழ்ப்பாள் வர மாட்டேங்குது!

மாப்ளை: கதவ தூக்கறீங்களா மாமா?

மாமா: பின்ன? தூக்காம எப்படி மாப்ளே திறக்கறது?

மாப்ளை: தூக்கறதாலதான் தாழ்ப்பாள் ஓட்டையில இறுகுது. கைய எடுங்க, சும்மா நகத்துங்க!

மாமா: கைய எடுத்தா தானா தூக்கப் போகுது, இத்தன வருஷப் பழக்கம். நீங்க அந்த லேகியத்தையாவது குடுங்க, படபடங்குது.

மாப்ளை: எங்க மாமா குடுக்கறது? அந்த சந்தத்தான் நேத்தே சரி பண்ணிட்டேனே!