ஸ்கோர் புத்தகத்தை ஒப்படைக்கிறேன்

இந்த சீசனோடு பேஸ்பாலில் என் வேலை முடிந்தது. சின்ன வயதில் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன்), முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் அம்பயர், அதன்பிறகு இத்தனை காலமும் ஸ்கோரர், நடுநடுவே சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி. எல்லாவற்றிலிருந்தும் சேர்த்துத்தான் விடைபெறுகிறேன். லீக்கில் சொல்லியாகிவிட்டது. இங்கே எழுத வேறொரு காரணம் இருக்கிறது.

விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஆளாளுக்கு ஒரே மாதிரி ஆறுதல் சொல்கிறார்கள். "நல்லவேளை கிளம்பிட்டீங்க, ஆட்டம் இப்ப ஆட்டமாவா இருக்கு?" கடிகாரம் வைத்துவிட்டார்கள், பந்து ஸ்ட்ரைக்கா (அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்ததா) என்று கம்ப்யூட்டர் சொல்கிறது, பழைய அழகெல்லாம் போச்சு என்று ஒரே புலம்பல். தயவுசெய்து என்னை அந்தக் கட்சியில் சேர்க்காதீர்கள். ஆட்டம் கெட்டுப்போய்விட்டது என்று நான் போகவில்லை. பெரும்பாலும் அது தேறித்தான் இருக்கிறது.

கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். 2023-ல் அமெரிக்காவின் தலைமை லீக்கான மேஜர் லீக்கில் பிட்ச் கிளாக் வந்தது. பேஸில் ஓடுவதற்கு யாரும் நிற்கவில்லை என்றால் 15 விநாடிக்குள் பிட்சர் (பந்தை எறிபவர்) எறிய ஆரம்பித்துவிட வேண்டும். 2022-ல் சராசரியாக 3 மணி 4 நிமிடம் ஓடிய ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம், அடுத்த வருடம் 2 மணி 40 நிமிடத்தில் முடிந்தது. அந்த 24 நிமிடத்தோடு காணாமல் போனது என்ன? பேட்டர் ஒவ்வொரு பந்துக்கும் கையுறையின் வெல்க்ரோவைப் பிரித்துப் பிரித்து ஒட்டியதும், பிட்சர் தான் நின்று எறியும் மேட்டைச் சுற்றி உலாத்தியதும்தான். அதற்காக விட என்னிடம் கண்ணீர் இல்லை.

ரீப்ளே, அதாவது வீடியோ பார்த்து அம்பயர் தீர்ப்பைச் சரிபார்க்கும் விஷயமும் அப்படித்தான். 2010 ஜூன் 2, டெட்ராய்ட். பிட்சர் அர்மாண்டோ கலரகா வரிசையாக 26 பேரை அவுட் ஆக்கியிருந்தார். 27-வது ஆளையும் எடுத்தால் பெர்ஃபெக்ட் கேம், எதிரணியில் ஒருவர்கூட பேஸை எட்டாத ஆட்டம். அந்த ஆள் ஃபர்ஸ்ட் பேஸை எட்டுமுன் பந்து வந்து சேர்ந்துவிட்டது. அம்பயர் ஜிம் ஜாய்ஸ் "சேஃப்" என்றார். கலரகா சண்டை போடவில்லை, ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு அடுத்த பந்தை எறியப் போனார். வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ் தப்பை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார், மறுநாள் மைதானத்தில் அவர் கண் கலங்கியது. மன்னிப்பின் கதை என்று இதை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அம்பயராக நின்ற யாரிடமும் கேட்டுப் பாருங்கள், அந்தக் கதையில் ஜாய்ஸாக இருக்கச் சம்மதிக்க மாட்டார்கள். 2014-ல் ரீப்ளேயை விரிவாக்கியபோது நிம்மதியாக மூச்சு விட்டவர்களில் நானும் ஒருவன்.

2026-ல் ஸ்ட்ரைக்கா, 'பால்' (எல்லைக்கு வெளியே போன பந்து) எனப்படுவதா என்ற தீர்ப்புக்கும் அப்பீல் வந்துவிட்டது. பேட்டரோ பிட்சரோ கேட்சரோ தலையைத் தட்டிக் காட்டினால் கேமரா தீர்ப்பு சொல்லும், ஒரு அணிக்கு இரண்டு தவறான அப்பீல் வரை வாய்ப்பு. கேட்சராக இருந்தவனுக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்யும். வெளியே போகிற பந்தைக் கையுறையால் நைசாக உள்ளே இழுத்து ஸ்ட்ரைக் வாங்குவது எங்கள் தொழில் ரகசியம். நாகரிகமாக அதற்கு 'ஃப்ரேமிங்' என்று பெயர், உண்மையில் கண்கட்டு வித்தை. வித்தைக்காரன் வருத்தப்படலாம், பார்வையாளர் எதற்கு வருத்தப்பட வேண்டும்?

உண்மையிலேயே கெட்டுப்போயிருப்பது ஒன்று உண்டு: பிள்ளைகளின் முழங்கை. புலம்புகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

1974-ல் டாமி ஜான் என்ற பிட்சரின் இடது முழங்கைத் தசைநார் அறுந்தது. அதுவரை அது பிட்சருக்கு மரண ஓலை. டாக்டர் ஃபிராங்க் ஜோப் வலது கையிலிருந்து தசைநாண் எடுத்து இடது முழங்கையில் வைத்துக் கட்டினார். 1975 முழுக்க ஜான் ஆடவில்லை. 1976-ல் திரும்பி வந்தார், 1989 வரை எறிந்தார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அந்த அறுவைக்குப் பின்னால் வந்தவை. பிரமாதமான மருத்துவம். ஆனால் அதன் விளைவாகப் பிறந்த மனோபாவம் பயங்கரம். 'போனால் போகட்டும், கட்டிக்கொள்ளலாம்' என்கிறார்கள். கட்டினால் வேகம் கூடும் என்று நம்புகிற பெற்றோரிடம் நானே பேசியிருக்கிறேன். அதனால் வேகம் கூடுவதில்லை ஐயா. குணமாகும்வரை அவ்வளவு மாதம் ஒழுங்காக ஓய்வும் உடற்பயிற்சியும் கிடைத்தால் யாருக்குத்தான் கொஞ்சம் தெம்பு வராது?

மேஜர் லீக்கே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதும் வேகத்தைத் துரத்துவதும்தான் காயங்களுக்கு முக்கியக் காரணம் என்று சொல்லியிருக்கிறது. சிறுவர் ஆட்டத்தில் அதன் நகல் ஓடுகிறது. பெஞ்சுக்குப் பின்னால் ஒரு அப்பா பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன்னோடு நிற்பார். பையன் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு அப்பா முகத்தைப் பார்ப்பான்.

சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் 2007-லேயே இன்னிங்ஸ் கணக்கை விட்டுவிட்டுப் பந்துக் கணக்குக்கு வந்துவிட்டது. 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து. 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. அருமையான விதி. ஆனால் சனிக்கிழமை ஒரு அணிக்கும் ஞாயிற்றுக்கிழமை வேறு அணிக்கும் எறிகிற பையனின் கணக்கை யார் கூட்டுவது? ஸ்கோர் புத்தகத்துக்கு அடுத்த மைதானத்தில் நடப்பது தெரியாது. களைத்த கையை எண்ணிக்கை இல்லாமலே கண்டுபிடிக்கலாம். முதலில் முழங்கை இறங்கும். பந்து மேலே மேலே போகும். கேட்சரைப் பார்க்க வேண்டிய கண் பெஞ்சுப் பக்கம் திரும்பும். தொப்பியைச் சரிசெய்வது போல நேரம் கடத்துவான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாயைத் திறந்து 'வலிக்குது' என்று சொல்லாது, நாம்தான் போய் பந்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

சரி, ஏன் போகிறேன்? ஸ்கோரர் வேலை வெளியிலிருந்து பார்த்தால் குமாஸ்தா வேலை. ஆட்களுக்கு எண் உண்டு, பிட்சர் 1, கேட்சர் 2, ஷார்ட்ஸ்டாப் 6. 6-4-3 என்று எழுதினால் ஒரு டபுள் ப்ளே, அதாவது ஒரே மூச்சில் இரண்டு அவுட், யார் கையிலிருந்து யார் கைக்குப் பந்து போனது என்பதோடு முழுதாக அதில் இருக்கும். மூன்றாவது ஸ்ட்ரைக்குக்குப் பேட்டை வீசாமல் நின்றே அவுட் ஆனவனுக்கு K என்ற எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். கஷ்டமானது ஹிட்டா (பேட்டரின் திறமையா) எர்ரரா (பந்தைப் பிடிக்க வேண்டியவரின் தவறா) என்ற தீர்ப்பு. 'சாதாரண முயற்சி' செய்திருந்தால் அந்தப் பந்தைப் பிடித்திருக்க முடியுமா என்று விதி கேட்கிறது. அந்த லீக்கில், அந்த இடத்தில் ஆடும் சராசரி ஆள், அந்தத் தரையில், அந்த வானிலையில். அதைத் தீர்மானிக்க உங்களுக்கு அக்கறை வேண்டும்.

அந்த அக்கறைக்கு என்ன மதிப்பு என்றால், 2024 மே மாதம் மேஜர் லீக் தன் பதிவேட்டில் மேஜர் லீக் கதவு மூடியிருந்ததால் கறுப்பின வீரர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீக்குகளை, 1920 முதல் 1948 வரை, சேர்த்தது. அதோடு வாழ்நாள் பேட்டிங் சராசரியில் மேஜர் லீக்கின் பழைய நட்சத்திரம் டை காபைத் தாண்டி நீக்ரோ லீக் வீரர் ஜாஷ் கிப்ஸன் 0.372-உடன் முதலிடத்துக்கு வந்தார். கிப்ஸன் 1947 ஜனவரியில் இறந்தவர். அந்த நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்ஸன் மேஜர் லீக்கில் கால் வைத்தது அதே வருடம் ஏப்ரலில். மூன்று மாதம்! உயிரோடு இருந்தபோது கதவைத் திறக்காதவர்கள், முக்கால் நூற்றாண்டு கழித்து அவர் பெயரை மேலே ஏற்ற முடிந்தது எப்படி? பழைய செய்தித்தாள்களில் கிடந்த பாக்ஸ் ஸ்கோர்களை (ஆட்டத்தின் சுருக்கக் கணக்கு அட்டவணைகளை) தேடிப் பொறுக்கிய ஆய்வாளர்களால். அந்த ஆட்டங்களில் உட்கார்ந்து சிரத்தையாக எழுதி வைத்த யாரோ சிலரால்.

சமீபகாலமாக எனக்கு அந்தச் சிரத்தை வரவில்லை. ஹிட்டா எர்ரரா என்று ஆட்டம் முடிந்தும் வாதாடிக்கொண்டிருந்தவன், இப்போது இரண்டில் எது போட்டாலும் என்ன என்று நினைக்கிறேன். அந்த நினைப்பு வந்தவன் பென்சிலைத் தொடக்கூடாது. 1939 மே 2 அன்று நியூயார்க் யாங்கீஸ் வீரர் லூ கெரிக் தானே மேனேஜரிடம் போய் 'என்னை உட்கார வையுங்கள்' என்று சொன்னார். தொடர்ந்து 2,130 ஆட்டம் ஆடியவர். அவரை வெளியே போகச் சொல்லும் தைரியம் யாருக்கும் இருந்திருக்காது. அவரோடு என்னை ஒப்பிடவில்லை, அவர் உடலுக்குள் கொடிய நோய் இருந்தது, எனக்கு இருப்பது வெறும் அலுப்பு. ஆனாலும் சொல்லிவிட்டுப் போகிற அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

புத்தகங்கள் எல்லாம் அடுத்து வரும் பெண்ணிடம் போகின்றன. என்னைவிடக் கறாரானவள், பயிற்சியாளர்கள் இப்போதே முணுமுணுக்கிறார்கள், நல்ல சகுனம். ஃபைனலுக்கு மட்டும் வாருங்கள், அம்பயருக்கு ஆள் இல்லை என்று யாரும் போன் செய்ய வேண்டாம். அம்பயர் கையில் வைத்து எண்ணும் கிளிக்கர் இரண்டு சும்மா கிடக்கிறது, வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள். ஒன்றில் அவுட் சக்கரம் கொஞ்சம் சிக்கும், கட்டைவிரலால் அழுத்தித் திருப்பினால் வந்துவிடும்.