கொதிநீர் பம்பருக்குச் சரி, கதவுக்கு அல்ல

கொதிநீர் ஊற்றி, அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணத்தால் இழுத்தால் காரின் எந்த ஒடுக்கும் வந்துவிடும் என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பம்பருக்கு அது சரிதான். பெரும்பாலும் அது பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். 100 டிகிரிக்குள்ளேயே இளகிக்கொடுக்கும். கதவு எஃகுத் தகடு. அந்தச் சூட்டுக்கெல்லாம் அது அசையாது. கதவில் அகலமான, ஆழமில்லாத ஒடுக்கு 'டப்'பென்று வெளியே வந்தால் அது உறிஞ்சுகிற கிண்ணத்தின் வேலை. தண்ணீர் ஊற்றுவது கிண்ணத்தின் விளிம்பு காற்றுப் புகாமல் ஒட்டத்தான், அதற்குப் பச்சைத்தண்ணீரே போதும். (மடிப்பு விழுந்திருந்தால் கிண்ணமும் கைவிட்டுவிடும், அது வேறு கதை.)

சந்தேகமிருந்தால் ரங்கூனில் தெருவோரம் நிற்கும் ஒரு டொயோட்டா புரோபாக்ஸ் காரில் பிரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பாருங்கள், அண்ணே. கதவில் கப்பென்று ஒட்டும். பம்பரில் வழுக்கி விழும்.