போனை எங்கே வைப்பது என்று யோசிக்காமல் வண்டி செய்கிறார்கள்

பத்தொன்பது வருடமாக மதுரையில் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் சர்வீஸ் பார்க்கிறேன். மாசி வீதி, வெளி வீதி, சிம்மக்கல், கீழவாசல் எல்லாம் கண்ணைக் கட்டி விட்டாலும் போய்ச் சேருவேன். அங்கே எனக்கு மேப் தேவையில்லை. ஆனால் இப்போது வேலை வருவது அங்கிருந்தா? ஊமச்சிகுளம் தாண்டி, ஒத்தக்கடைக்கு உள்ளே, சிக்கந்தர் சாவடி பக்கம் என்று நேற்று பிளாட் போட்டு இன்று வீடு கட்டிய நகர்களிலிருந்து வருகிறது. பெயர்ப்பலகை இருக்காது. இரண்டாவது தெரு என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பக்கம் கை காட்டுவார்கள். "லொகேஷன் அனுப்பியிருக்கேன், அதுலயே வந்துருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவர்கள் போனை வைத்துவிடுகிறார்கள். என் பையில் ஸ்பேனர் எப்படியோ, அப்படித்தான் எனக்கு மேப்பும்.

அந்தப் போனை வண்டியில் எங்கே வைப்பது? ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டி. பின்னால் உட்காருகிறவரின் சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்கத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான், அதை யோசிக்கத் தெரிந்திருக்கிறது. நாள் முழுக்க வழி பார்த்து ஓட்டுகிறவனின் போனுக்கு உள்ளங்கை அகலம் இடம் யோசிக்கத் தெரியவில்லையா? மச்சானின் ஸ்கூட்டரில் சார்ஜ் போடும் பாயின்ட் இருக்கிறது, சீட்டுக்கு அடியில். போனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வழியை யாரிடம் கேட்பது?

சரி, வெளியே வாங்கி மாட்டினேன். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் முந்நூற்றைம்பது ரூபாய் ஹோல்டர். "கல்லு மாதிரி நிக்கும்ணே" என்றார் கடைக்காரர். நின்றது, பொய் சொல்லக் கூடாது. நான்கு மூலையிலும் ரப்பர் பிடி, இரும்புத் தகடு, ஹேண்டில் பாரோடு சேர்த்து முறுக்கினால் அசையவே அசையாது. அசையாமல் நின்றதுதான் வினையாகிவிட்டது.

நான்கு மாதம் கழித்து ஒரு வீட்டில் மெஷினின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் நம்பரைப் படம் எடுக்கக் கேமராவைத் திறக்கிறேன். திரையில் எழுத்து நடுங்குகிறது. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காகிதம் மாதிரி நெளிகிறது. காதில் வைத்துப் பார்த்தால் உள்ளே வண்டு இருப்பதுபோல் ஒரு ரீங்காரம். கையை மெஷின் மேல் ஊன்றி, மூச்சைப் பிடித்து எடுத்தாலும் அதே நெளிவு. நம்பர் படம் தெளிவாக ஏறாவிட்டால் கம்பெனி பாகம் அனுப்பாது. அன்றைக்கு அந்த வேலை போயிற்று.

சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். அங்கிருந்த பையன் போனைத் திறக்கவே இல்லை. முதல் கேள்வியே, "வண்டியில மாட்டுவீங்களா சார்?" ஆமாம் என்றதும், வாரண்டி கிடையாது, கேமரா மாற்ற ஆறாயிரத்து நானூறு என்று எழுதி நீட்டினான். படம் ஆடாமல் வருவதற்காகக் கேமராவின் லென்ஸைக் காந்தத்தின் பலத்தில் மிதக்க விட்டிருக்கிறார்களாம். எஞ்சினின் அதிர்வு மணிக்கணக்கில் ஹேண்டில் பார் வழியாக ஏறினால் அந்தப் பிடிமானம் கெட்டுப்போகும். ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரிலேயே இதை வெளிப்படையாக எழுதி எச்சரித்தது. சக்திவாய்ந்த எஞ்சின் உள்ள மோட்டார் சைக்கிளில் போனை நேரடியாக மாட்டாதே, ஸ்கூட்டர் மாதிரி சின்ன வண்டியானாலும் அதிர்வைத் தணிக்கும் ஹோல்டரில் மாட்டு என்று அதில் இருக்கிறது. அப்படியானால் விஷயம் தெரிந்ததுதானே? என் போன் வந்த பெட்டியில் ஒரு வரி இல்லையே. ஹோல்டர் அட்டையில் மலை மேல் பைக் ஓட்டுகிறவன் படம் இருக்கிறது, அதிர்வு பற்றி ஒரு எழுத்து இல்லை. வண்டி விற்றவர் வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் போனதற்கு ஆறாயிரத்து நானூறு.

சார்ஜர் கதை இன்னும் எரிச்சல். மேப் ஓட, ஜி.பி.எஸ். ஓட, வெயிலில் தெரிவதற்காக வெளிச்சத்தை முழுசாக வைக்க, போன் குடிக்கிற வேகத்துக்கு மலிவான சார்ஜர் ஈடு கொடுக்காது. ஒயரை மாட்டிக்கொண்டே அறுபது சதவீதத்தில் கிளம்பி, வாடிப்பட்டி போய்ச் சேரும்போது நாற்பத்தெட்டு. அதையும் மெக்கானிக் எப்படி மாட்டிக் கொடுத்தார் தெரியுமா? சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் ஒயரில் கொடுக்காமல், நேராக பேட்டரியில் சொருகிவிட்டார். ஃபியூஸும் கிடையாது. சார்ஜர் ராத்திரி பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்கிறது. மூன்று நாள் மழையில் வண்டியை எடுக்கவில்லை, நான்காம் நாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. சின்ன பேட்டரிதானே, எவ்வளவு தாங்கும்? இந்த வண்டியில் கிக்கரையும் எடுத்துவிட்டார்கள். தள்ளிக்கொண்டு போனேன். ஃபியூஸ் இல்லாத ஒயர் டேங்குக்குக் கீழே உரசி உரசித் தோல் கிழிந்தால் என்ன ஆகும் என்று அப்புறம்தான் வேறொரு எலக்ட்ரீஷியன் சொன்னார். தீப்பிடிக்கும். என் பிள்ளையை அந்த டேங்க் மேல் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்தேன் ஒரு மாதம்.

திரையைப் பார்க்காதே, ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டு ஓட்டு என்று புத்தி சொல்கிறவர்களுக்கு: முழு ஹெல்மெட்டை இறக்கும்போது காதில் இருக்கிற சின்ன பட்ஸ் உருண்டு கீழே விழும், இல்லையென்றால் உள்ளே அமுங்கி அரை மணியில் காது தெறிக்கும். இரண்டு காதையும் அடைத்தால் பின்னால் வருகிற ஆம்புலன்ஸ் கேட்காது. ஒரு காதில் போட்டால் காற்றுச் சத்தத்தில் பாதி போய்விடும். அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் கூப்பிடுவார், எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று. அதோடு வழி சொல்லும் குரல் அமுங்கிவிடும். நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டருக்குப் பறக்கும் பாலம் போகிறது. அதற்கு அடியில் நாராயணபுரம் போக நான் உருட்டிக்கொண்டிருப்பேன், மேப் நான் மேலே போவதாக நினைத்துக்கொண்டு திரும்ப வேண்டிய இடத்தில் பேசாமல் இருக்கும்.

போலீஸ் பயம் வேறு. கையில் போனைப் பிடித்து ஓட்டினால் ஆயிரம் முதல் ஐயாயிரம் வரை அபராதம். அது நியாயம், நான் மறுக்கவில்லை. 2020 அக்டோபரில் வந்த விதித் திருத்தம், கவனம் சிதறாதபடி வழி பார்க்கப் போனைப் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது. அரசாங்கமே வழி பார்க்கலாம் என்று எழுதிவிட்டது. அந்தக் கவனம் சிதறாத இடம் வண்டியில் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

என்னை விடுங்கள், எனக்கு ஒரு நாளைக்கு ஐந்து வீடுதான். அக்கா மகன் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறான், இருபத்திரண்டு வயது. மே மாதம் மதியம் ஒரு மணிக்கு இந்த ஊரில் நாற்பது டிகிரி. பல போன்கள் முப்பத்தைந்து டிகிரி வரை பயன்படுத்தத்தான் செய்யப்பட்டவை. வெயிலில் நின்று, சார்ஜும் ஏறி, மேப்பும் ஓடினால் அது முதலில் சார்ஜை நிறுத்தும், அப்புறம் திரையை மங்கவிடும், அப்புறம் மொத்தமாக அணையும். போன வாரம் கோரிப்பாளையத்தில் அப்படித்தான் அணைந்தது. பையில் பிரியாணி, கையில் கருப்புத் திரை, போக வேண்டிய வீடு எது என்று தெரியாது. டீக்கடை நிழலில் நின்று போன் ஆறும் வரை இருபது நிமிடம். அதற்குள் ஆர்டர் ரத்து, அந்தக் காசும் அவன் கணக்கில் பிடித்தம்.

"இப்ப கர்ச்சீப்ப நனைச்சு போனுக்குப் பின்னால வச்சு கட்டிக்கிறேன் மாமா, ஒரு ஆர்டருக்குத் தாங்குது" என்றான்.

வண்டி செய்கிறவர்களே, ஹேண்டிலுக்கு நடுவில் அதிர்வு தாங்கும் ஒரு பிடி, மேலே வெயில் மறைக்க ஒரு சின்ன மூடி, சாவியோடு சேர்ந்து அணையும் ஃபியூஸ் வைத்த சார்ஜ் பாயின்ட். இந்த மூன்றையும் ஷோரூமிலேயே மாட்டிக் கொடுங்கள். அதற்கு ஆயிரம் ரூபாய் கூடக் கேளுங்கள், தருகிறேன். அந்தப் பையன் ஈரக் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது.